அரசிக்கு ஒரு சிட்டிகை மூக்குத்தூள்

குட்மேய்ஸில் ரயில் ஏறி, கதவு மூடிய பிறகுதான் எனக்கு அடுப்பு ஞாபகம் வரும். நிப்பாட்டினேனா, இல்லையா? பதினொரு வருடமாக ஒவ்வொரு வேலை நாளும் இதே யோசனை. ஒருநாளும் அது எரிந்துகொண்டிருந்ததில்லை. ஆனால் இத்தனை நாள் எரியவில்லை என்பதற்காக இன்றைக்கும் எரியாது என்று யார் எழுதித் தந்தது? கணவருக்குப் போன் எடுப்பேன். "அடுப்பு நூந்துபோய்க் கிடக்கு, நீ நிம்மதியாப் போ" என்பார். படுக்கையில் கிடந்தபடி, எழும்பிப் பார்க்காமல்தான் சொல்கிறார் என்பது குரலிலேயே தெரியும். பிறகு அதையும் சேர்த்து யோசித்துக்கொண்டு லண்டனின் கிழக்கிலிருந்து மேற்குக்குப் போய்ச் சேருவேன்.

மேற்கில், ஆற்றுக்குக் கிட்ட, ஒரு பழைய அரச வீட்டில் எனக்குத் துப்புரவு வேலை. வெளியே பலகையில் அரண்மனை என்று போட்டிருக்கும். முதல்நாள் பார்த்தபோது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. செங்கல் வீடு. எங்கள் ஆட்கள் பூப்புனித நீராட்டு விழாவுக்கு வாடகைக்கு எடுக்கிற மண்டபங்கள் இதைவிடப் பெரிசு, வெளிச்சமும் கூட. ஆனால் காலையில், சனம் வருவதற்கு முன், யன்னல் பலகைகளை ஒவ்வொன்றாகத் திறக்கும்போது அந்த வீடு மெல்லக் கண் முழிப்பது போல இருக்கும். எனக்கு அது பிடித்துப்போயிற்று.

மேல்மாடியில் ஒரு படுக்கையறை. அதில் ஒரு கதிரை. கறுத்த மரம், கை வைக்கிற இடத்தில் துணி நைந்திருக்கும். சுற்றிவர ஒரு கயிறு. அந்தக் கதிரையில் இருந்தபடிதான் ஒரு அரசி கடைசி மூச்சை விட்டாவாம். துப்புரவுக்காரர் கயிற்றுக்கு உள்ளே நிலத்தில் மட்டும் ஹூவர் மெஷினால் தூசி இழுக்கலாம். தளபாடத்தில் கை படக்கூடாது. கதிரையின் தூசியைத் தட்டுவதற்கென்று படித்த ஆட்கள், ஆட்டு மயிர்த் தூரிகையோடு, மாதத்துக்கு ஒருக்கால் வருவார்கள்.

அந்த அரசியைப் பற்றி நான் தெரிந்துகொண்டது ஜெர்மன் மொழியில். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். சண்டைக்காலத்தில் ஊர் ஊராக இடம்பெயர்ந்து, கடைசியில் எந்தப் பள்ளிக்கூடத்தில் பேர் இருக்கிறது என்றே வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று. லண்டனுக்கு வருவதற்கு முன் பன்னிரண்டு வருடம் ஜெர்மனியில் இருந்தோம். அங்கே கட்டாயமாக வகுப்புக்கு அனுப்பினார்கள். அதனால் இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன், ஜெர்மன் கொஞ்சம் ஓடும். அந்த வீட்டில் ஒவ்வொரு அறை வாசலிலும் வெளிநாட்டுக்காரருக்காக நாலைந்து மொழியில் விளக்கம் எழுதிய மட்டைகள் தொங்கும். தமிழ் இல்லை. ஜெர்மன் மட்டையை எடுத்து, ஹூவரை ஓடவிட்டுக்கொண்டே ஒவ்வொரு நாளும் இரண்டு வரி வாசிப்பேன். ஹூவர் சத்தம் கேட்டால் நான் வேலை செய்கிறேன் என்று கீழே உள்ளவர்கள் நினைப்பார்கள் அல்லவா.

அந்த அரசியும் ஜெர்மன்காரி. வடக்கே ஒரு சின்னஞ்சிறு நாட்டின் பெரிய குடும்பத்துப் பிள்ளை. பதினேழு வயதில், ஒருநாளும் கண்டிராத இங்கிலாந்து அரசனுக்குப் பேசி, கப்பல் ஏற்றி அனுப்பினார்களாம். கடல் கொந்தளித்து, கூட வந்த பெரிய இடத்துப் பெண்களெல்லாம் சத்தி எடுத்துக்கொண்டு கிடக்க, இவ மட்டும் கப்பலில் இருந்து வாத்தியம் வாசித்தாவாம். லண்டனில் வந்து இறங்கிய அன்றைக்கு இரவே கலியாணம். பாஷை தெரியாது. மாப்பிள்ளை முகத்தைச் சரியாகப் பார்க்க முதலே தாலி. இங்கே தாலி இல்லை, மோதிரம்.

அந்த வரியை வாசித்தபோது நான் ஹூவரை நிப்பாட்டிவிட்டேன்.

நானும் ஒரு படத்தை மட்டும் பார்த்துவிட்டுத்தான் ஜெர்மனிக்குப் போனேன். விமான நிலையத்தில் ஒரே மாதிரிக் குளிர்ச் சட்டை போட்ட நாலு தமிழ் ஆம்பிளைகள் நின்றார்கள். இதில் என்னுடையவர் யார் என்று தெரியவில்லை. பிழையான ஆளைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். அது அவருடைய சிநேகிதர். மூன்றாம் நாள் கலியாணம். அந்தச் சிநேகிதர்தான் மாப்பிள்ளைத் தோழன். இன்றைக்கும் எங்கேயாவது கண்டால், "தங்கச்சி முதலில் செலக்ட் பண்ணினது என்னைத்தான்" என்று பகிடி விடுவார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து கணவரிடம் அரசியின் கதையைச் சொன்னேன்.

"இஞ்சருங்கோ, என்ரை கதைதான் அவவுக்கும்."

"ஓம் ஓம். அவவுக்குப் பதினைஞ்சு பிள்ளை, உனக்கு ஒண்டு. அதுதான் வித்தியாசம்."

"அவவின்ரை மனுசனுக்குக் கடைசியிலை மூளை சுகமில்லாமல் போட்டுதாம். பாவம், கனகாலம் பார்த்திருக்கிறா."

"எனக்கு அது முதலே வந்திட்டுது. இல்லாட்டி உன்னைக் கட்டியிருப்பனோ?"

இப்படித்தான் அவருடைய கதை. ஆனால் அதற்குப் பிறகு வேலையால் வந்தால், "என்னவாம் உன்ரை அரசி?" என்று கேட்கத் தொடங்கினார். நானும் தினம் இரண்டு வரி சொன்னேன். அவவுக்குச் செடி கொடியில் உயிர். தையல் விருப்பம். சின்ன வயதிலிருந்தே மூக்குத்தூள், அந்தப் புகையிலைப் பொடி, போடுவா. அதுவும் கொஞ்ச நஞ்சமில்லை, அதற்கென்று ஒரு அறையே நிறைய வைத்திருந்தாவாம். கடைசி நேரம் மகன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாராம். அரசன் வேறொரு மாளிகையில், நோயில், மனைவி போய்விட்டா என்பதுகூட விளங்காமல் இருந்தாராம். இதைச் சொன்ன அன்றைக்கு என் மனுசன் பகிடி ஒன்றும் விடவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கோப்பையைத் தானே கழுவி வைத்தார்.

எங்கள் மேற்பார்வையாளர் ஒரு வெள்ளைக்காரப் பெண். என் வயதுதான் இருக்கும். ஒருநாள் நான் மட்டையும் கையுமாக நிற்கையில் பின்னால் வந்துவிட்டா. ஹூவர் ஒரே இடத்தில் நின்று இரைந்துகொண்டிருந்தது. வேலை போச்சு என்று நினைத்தேன். அவ மட்டையைப் பார்த்தா, என்னைப் பார்த்தா.

"உங்களுக்கு ஜெர்மன் தெரியுமா?"

"கொஞ்சம்."

"அப்படியானால் ஏன் இன்னும் ஹூவர் பிடிக்கிறீர்கள்?"

அறைகளில் நின்று, வருகிறவர்களுக்குக் கதை சொல்கிறவர்களுக்கு ஒரு நீலக் கோட்டு உண்டு. அதில் ஒரு இடம் காலியாக இருக்கிறது என்று அவ சொன்னா. குனிந்து குனிந்து எனக்கு இரண்டு வருடமாக நாரியில், இடுப்புக்கு மேலே, நோவு. டொக்டரும் பாரம் தூக்க வேண்டாம் என்றிருந்தார். நீலக் கோட்டுக்காரர் நிற்பார்கள், அலுத்தால் சாய்ந்து இருக்க ஒரு ஸ்டூலும் உண்டு. எனக்கு அந்தக் கோட்டு வேண்டும். ஆனால் விண்ணப்பத்தில் படிப்பு என்ற கட்டம் இருந்தது. அதில் என்ன எழுதுவது? மூன்று நாள் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் ஜெர்மன் வகுப்புச் சான்றிதழை மட்டும் எழுதினேன். ஒரு வரி. மிச்சம் வெள்ளை.

நவம்பரில் மேற்பார்வையாளர் கூப்பிட்டுச் சொன்னா. ஹரோவிலிருந்து சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் வருகிறார்கள். படுக்கையறையில் பத்து நிமிடம் நீங்கள் அவர்களுக்குச் சொல்லுங்கள், நான் பின்னால் நின்று பார்க்கிறேன். நன்றாகப் போனால் கோட்டு உங்களுக்கு. உங்கள் மொழி எனக்கு விளங்காது, ஆனால் பிள்ளைகளின் முகம் விளங்கும்.

அப்போதுதான் கவனித்தேன், அரசியின் நினைவு நாள், பிள்ளைகள் வருகிற அந்தச் சனிக்கு நாலு நாள் முந்தி, செவ்வாய்க்கிழமை விழுகிறது.

எங்கள் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். போனவர்களுக்கு அவர்கள் விரும்பிச் சாப்பிட்டதைப் படைப்போம். கள்ளுக் குடித்தவருக்குக் கள்ளும் வைப்போம், சுருட்டுக் குடித்தவருக்குச் சுருட்டும் வைப்போம். வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிடவேண்டும். பார்த்துக்கொண்டு நின்றால் அவர்கள் எடுக்கக் கூச்சப்படுவார்களாம். பதினைந்து பிள்ளை பெற்றவவுக்கு இத்தனை வருடத்தில் ஒருவரும் ஒரு வாய் வைத்திருக்க மாட்டார்கள். நான் ஒவ்வொரு நாளும் அவவின் காலடியைத் துப்புரவாக்குகிறவள். எனக்கும் அவவிடம் கேட்பதற்கு ஒரு காரியம் இருந்தது.

"வெள்ளைக்காரிக்குத் திவசமோ?" என்றார் கணவர். "ஐயரிட்டைத் திதி கேட்டனியோ?"

"இங்கிலீஷ் தேதியே போதும்."

"அவவுக்கு இந்தப் பழக்கம் தெரியாதெல்லே. நீ வைச்சாலும் என்ன செய்யிறதெண்டு தெரியாமல் முழுசப்போறா."

"மூக்குத்தூளைக் கண்டால் தெரியும்."

திங்கட்கிழமை வேலை முடிந்ததும் வீட்டுக்கு வராமல் எதிர்ப்பக்கம் சவுத்தாலுக்குப் போனேன். வெற்றிலை பாக்கு விற்கிற கடையில் ஒரு சின்னத் தகரம் மூக்குத்தூள் கிடைத்தது. கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்கில்லை, தெரிந்த ஒரு அம்மாவுக்கு" என்றேன். பொய்யில்லைத்தானே.

செவ்வாய்க்கிழமை காலை மேல்மாடியில் நான் மட்டும். தோடு வாங்கும்போது நகைக்கடையில் சுற்றித் தருகிற மெல்லிய றோஸ் தாள் ஒன்றைக் கொண்டு போயிருந்தேன். அதில் ஒரு சிட்டிகை, பிறகு கஞ்சத்தனம் என்று நினைப்பாவோ என்று இன்னொரு சிட்டிகை. கதிரையின் பின்காலுக்கும் சுவருக்கும் இடையில் நிலத்தில் வைத்தேன். கதிரையைத் தொடவில்லை. "அம்மா, சனிக்கிழமை என்ரை வாய் தடுமாறாமல் பாருங்கோ" என்று ஜெர்மனில் சொன்னேன். அவவுக்குத் தமிழ் விளங்காதே. பிறகு கதவைச் சாத்திவிட்டுப் படிக்கட்டைக் கூட்டப் போனேன். ஐந்து நிமிடத்தில் வந்து எடுத்துவிடுவதாக எண்ணம்.

அந்த வீட்டில் காலையில் ஒரு கதவும் சாத்தியிருக்கக்கூடாது. நான்கு படி கூட்டியிருப்பேன், மேற்பார்வையாளர் மற்றப் பக்கத்தால் வந்து, இது ஏன் சாத்தியிருக்கிறது என்று படாரெனத் திறந்துவிட்டா. அந்த அறையில் குளிர்காய ஒரு பழைய அடுப்பும் புகைபோக்கியும் இருக்கிறது. கதவு திறந்தால் அதற்குள்ளால் காற்று இழுக்கும். நான் ஓடிப்போய்ப் பார்க்கையில் என் றோஸ் தாள் அடுப்புக் கம்பியில் ஒட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தது. அவ அந்தப் பக்கம் பார்க்காத நேரமாக எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். தூள் காற்றோடு போய்விட்டது என்று நினைத்தேன்.

போகவில்லை. பத்து நிமிடம் கழித்து அவவின் குரல் கேட்டது. நிலத்தில் முழங்காலில் இருந்து, ரோச் லைற்றைப் பிடித்துக்கொண்டு, கதிரையின் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தா. மெல்லிய மண்ணிறத் தூள், கால் நுனியைச் சுற்றி, மரத்திலிருந்து கொட்டியது போலவே கிடந்தது.

"கடவுளே," என்றா. "வண்டு!"

போன கிழமைதான் அவர்களுக்கு மரம் அரிக்கிற வண்டுகளைப் பற்றி ஒருநாள் வகுப்பு எடுத்திருந்தார்கள். வண்டு அரித்தால் மரத்தின் ஓட்டையிலிருந்து இப்படித்தான் தூள் கொட்டுமாம். ஒரு கதிரையில் வந்தால் கட்டிலுக்குப் போகும், கட்டிலிலிருந்து நிலப் பலகைக்கு. அவ நிறமே மாறிவிட்டா. அரைமணி நேரத்தில் அறை வாசலில் மூடியிருக்கிறது என்று பலகை. கதிரையைச் சுற்றிப் பொலித்தீன். பொருட்களைப் பாதுகாக்கும் நிபுணர் வியாழக்கிழமை வருவார். வண்டுதான் என்றால் கதிரையை வெளியே கொண்டுபோய்ப் பெரிய குளிர்ப்பெட்டியில் வைத்து உறைய விடுவார்களாம், கிழமைக்கணக்கில். அறை எப்போது திறக்கும் என்று தெரியாது.

"சனிக்கிழமை?" என்று கேட்டேன்.

"சனிக்கிழமையை மறந்துவிடுங்கள்," என்றா. பிறகு, பாவம், என் தோளில் தட்டி, "உங்களில் பிழை ஒன்றும் இல்லை," என்றா.

அந்த வார்த்தை எனக்குள் முள்ளாக நின்றது.

வீட்டில் கணவர் முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிப்பாட்டினார்.

"சத்தம் போடாமல் இரு. பூச்சி இல்லையெண்டு அவையே கண்டுபிடிப்பினம்."

"கண்டுபிடிக்காட்டி?"

"கொண்டுபோய் ஐஸ்பெட்டியிலை வைப்பினம். வைச்சால் என்ன? கதிரை குளிரிலை விறைக்குமோ?"

"சொன்னால் வேலையாலை நிப்பாட்டிப்போடுவினம். கோட்டும் இல்லை, ஹூவரும் இல்லை."

"அதுதான் சொல்லுறன், சொல்லாதை எண்டு."

சொல்லாமல் விடலாம். ஒருவருக்கும் தெரியாது. அறை ஒருநாள் திறக்கும், இன்னொரு சனிக்கிழமை வரும், கோட்டும் கிடைக்கலாம். இப்படிக் கணக்குப் பார்த்துக்கொண்டுதான் புதன்கிழமை வேலைக்குப் போனேன். அடுப்பு அன்றைக்கு ஞாபகம் வரவேயில்லை.

போய்ப் பார்த்தால், மேற்பார்வையாளர் எனக்கு முதலே வந்து, கீழ்மாடியில் ஒவ்வொரு கதிரையாக, ஒவ்வொரு மேசையாக, முழங்காலில் ஊர்ந்து ஊர்ந்து ரோச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தா. கண் சிவந்திருந்தது.

"கோடையில் யன்னலைத் திறந்து வைக்கச் சொன்னது நான்தான்," என்றா. "சூடாக இருக்கிறதென்று. அந்த நேரம்தான் உள்ளே வந்திருக்க வேண்டும். இருநூறு வருடமாக ஒன்றும் ஆகாத கதிரை, என் காலத்தில்..."

இரவு தூங்கினீர்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினா.

இல்லாத ஒன்றை நினைத்து இரவிரவாக முழித்திருப்பது என்னுடைய வேலை. அதை இன்னொருவர் செய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் ஏலாமல் போயிற்று. அதுவும் நான் கொடுத்த யோசனை. என் கைப்பைக்குள் அந்தத் தகரம் இன்னும் கிடந்தது; வீட்டில் வைத்தால் மனுசன் பகிடி பண்ணுவார் என்று கொண்டு திரிந்தேன். அதை எடுத்து அவவின் முன்னால், நிலத்திலேயே, வைத்தேன்.

"இதுதான் அந்த வண்டு," என்றேன்.

அவவுக்கு விளங்கவில்லை. எனக்கு வருகிற இங்கிலீஷில், கையையும் சேர்த்து, எல்லாவற்றையும் சொன்னேன். நினைவு நாள், விருப்பமானதை வைப்பது, கதவைச் சாத்துவது, காற்று, றோஸ் தாள். கோட்டு கிடைக்க வேண்டும் என்று கேட்டதையும் சொல்லிவிட்டேன். சொல்லத் தேவையில்லாத இடம் அதுதான், ஆனால் தொடங்கினால் எனக்கு நிப்பாட்டத் தெரியாது.

அவ தகரத்தைத் திறந்து, நம்பாமல், மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனா. கூடாது என்று நான் சொல்ல முதல் தும்மல் வந்தது. ஒன்றில்லை, ஒன்பது. கண்ணால் தண்ணீர் ஓட, நிலத்தில் இருந்தபடி, மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு தும்மினா. அது முடிந்ததும் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தா.

"என் அம்மாவுக்கு ஜின் தான் பிடிக்கும்," என்றா கடைசியில். "நான் அவவின் கல்லறைக்குப் பூ மட்டும்தான் கொண்டுபோகிறேன்."

"கொஞ்சமாக ஊற்றலாம்," என்றேன்.

சிரித்தா. பிறகு எழுந்து, சட்டையைத் தட்டி, மேற்பார்வையாளராக மாறினா. செய்தது பெரிய பிழை, புகையிலையானாலும் சோறானாலும் அறைக்குள் கொண்டுவரக்கூடாது, உண்மையான பூச்சி அப்படித்தான் வரும், எழுத்தில் எச்சரிக்கை வரும். நான் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தமிழிலேயே தலையாட்டினேன். சனிக்கிழமையைப் பற்றி அவவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை நிபுணர் வந்தார். உயரமான, மெல்லிய மனுசன். பொலித்தீனைக் கழற்றி, பஞ்சுக் குச்சியில் தூளைத் தொட்டு, கண்ணாடி வைத்துப் பார்த்தார். மரத்தில் ஓட்டை ஏதும் இல்லை. அவரிடமும் கதையைச் சொல்லச் சொன்னா. நான் சுவரோடு ஒட்டி நின்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே தூரிகையால் தூளைக் கூட்டி ஒரு சின்னக் குப்பிக்குள் போட்டார்.

"இந்தக் கதிரைக்குக் கிட்ட மூக்குத்தூள் கடைசியாக வந்து எவ்வளவு காலம் இருக்கும்," என்றார், எங்களைப் பார்க்காமல், கதிரையைப் பார்த்து.

அந்த வீட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கோப்பு உண்டு. எப்போது துணி மாற்றியது, எந்தக் கால் ஆடியது, யார் திருத்தியது, எல்லாம் அதில் இருக்கும். கதிரையின் கோப்பில் அவர் ஒரு வரி எழுதினார். மேற்பார்வையாளர் எனக்கு அதை மெதுவாக வாசித்துக் காட்டினா: பூச்சி இல்லை, மூக்குத்தூள், வேலையாள் ஒருவர் மரியாதைக்காக வைத்தது, தூரிகையால் அகற்றப்பட்டது. மரியாதைக்காக என்ற சொல்லை அந்த மனுசன் தானாகத்தான் போட்டார். என் பேர் அதில் இல்லை. வேண்டியதும் இல்லை.

"சனிக்கிழமை பத்து மணி," என்றா மேற்பார்வையாளர், கோப்பை மூடிக்கொண்டு. "வெறுங்கையோடு வரவேண்டும்."

சனிக்கிழமை பதினெட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். கூட ஒரு ரீச்சர். நான் ஒரு கிழமையாகப் பாடமாக்கியிருந்த முதல் வசனம், வாயைத் திறந்ததும் காணாமல் போயிற்று. பதினெட்டு முகம். பின்னால் மேற்பார்வையாளர். கதிரையைப் பார்த்தேன். அது பேசாமல் இருந்தது. அப்போது முன்னுக்கு நின்ற ஒரு பெட்டைப்பிள்ளை, பத்து வயதிருக்கும், கையைத் தூக்கியது.

"அன்ரி, இந்த குயீன் கிங்கை லைக் பண்ணினாவா?"

"எப்ப?" என்று கேட்டேன்.

"ஃபர்ஸ்ட் டே."

"முதல் நாள் எப்பிடியம்மா தெரியும்? நான் என்ரை மனுசனைக் காணப் போன நாள், வேறை ஆளைப் பார்த்துச் சிரிச்சுப்போட்டன்."

ரீச்சர் வாயைப் பொத்திக்கொண்டா. பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அதற்குப் பிறகு எனக்குப் பாடமாக்கியது ஒன்றும் தேவைப்படவில்லை. கப்பலையும், சத்தி எடுத்த சீமாட்டிகளையும், வாத்தியத்தையும் சொன்னேன். பாஷை தெரியாத ஊரில் வந்து இறங்கினால் முதலில் எதற்குப் பயம் வரும் என்று கேட்டேன். "டொய்லெட் எங்கையெண்டு கேக்க," என்றான் ஒருவன். சரியான பதில் அதுதான் என்றேன். பதினைந்து பிள்ளைகள் என்றதும், "அப்ப வை-ஃபை எல்லாருக்கும் போதுமா?" என்று ஒரு குரல். மூக்குத்தூள் என்றால் என்ன என்று கேட்டார்கள். சொன்னேன். தும்மிக் காட்டினேன். பின்னால் மேற்பார்வையாளர் தன் மூக்கைத் தொட்டுக்கொண்டதை நான் கண்டேன்.

கடைசியில், அரசன் நோயில் கிடந்ததையும், இவ போனது அவருக்குத் தெரியாததையும் சொன்னேன். அந்தப் பெட்டை மறுபடியும் கையைத் தூக்கியது.

"அப்ப பிறகு லைக் பண்ணினா, என்ன?"

"ஓம்," என்றேன். "அது பிறகுதான் தெரியும்."

பத்து நிமிடம் என்றது இருபத்தைந்து நிமிடமாகியிருந்தது.

அடுத்த கிழமை வீட்டுக்குத் தபாலில் ஒரே உறைக்குள் இரண்டு கடிதம் வந்தது. ஒன்று எச்சரிக்கை. மற்றது கோட்டின் அளவைக் கேட்டு. கணவர் இரண்டையும் வாசித்துவிட்டு, "ஒரு கையாலை குட்டு, மற்றக் கையாலை லட்டு," என்று எச்சரிக்கையைக் குளிர்ப்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார். ஏன் அதை ஒட்டுகிறீர்கள் என்றால், "உன்ரை மூக்குத்தூளுக்குக் கிடைச்ச சேர்ட்டிபிக்கற்" என்றார். இன்னும் அங்கேதான் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் வாசிக்கிறார்கள். எனக்கு வெட்கம்தான், ஆனால் எடுக்கவில்லை.

இப்போது கிழமைக்கு நாலு நாள் அந்த அறையில் நிற்கிறேன். கோட்டு தோளில் கொஞ்சம் பெரிசு. நாரி நோவு குறைந்திருக்கிறது. ஜெர்மன்காரர் வந்தால் அவர்களின் பாஷையிலேயே சொல்வேன். உங்கள் ஊர்ப் பிள்ளையைப் பற்றி நான் சொல்லவேண்டி இருக்கிறது, பாருங்கள் என்பேன். சிரிப்பார்கள். சில பேர் கை குலுக்கிவிட்டுப் போவார்கள்.

போன நவம்பரில் அந்த நாள் மறுபடி வந்தது. நான் ஒன்றும் கொண்டு போகவில்லை. கைப்பையை வீட்டிலேயே இரண்டு தரம் கவிழ்த்துத் தட்டிவிட்டுத்தான் போனேன். சனத்துக்குக் கதவு திறக்க அரைமணி நேரம் இருந்தது. அறையில் யன்னல் பலகைகளைத் திறந்துகொண்டிருக்கையில் மேற்பார்வையாளர் வந்தா. கதிரையைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. "வெளியே வாருங்கள்," என்றா. என்னவோ ஏதோ என்று பயந்து வெளியே வந்தேன். அவ எனக்குப் பின்னால் கதவைச் சாத்தினா. காற்று இழுக்காதபடி, மெதுவாக, பிடியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு.

"ஐந்து நிமிடம், இல்லையா?" என்றா.

ஓம் என்றேன்.

இரண்டு பேரும் வாசலில், மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளே வைத்தது ஒன்றுமில்லை, எடுப்பதற்கும் ஒன்றுமில்லை. ஆனாலும் நல்லாக இருந்தது. அவ தன் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றா. நான், காலையில் அடுப்பை நிப்பாட்டினேனா இல்லையா என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.